வாக்கைப் பறித்தவர் யார்?

தேர்தலில் தோற்றவர்கள் மூன்றாம் வேட்பாளரைப் பழிப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். "அவர் குறுக்கே வந்து வாக்குகளைப் பிரித்தார், இல்லையேல் வெற்றி நமதே" என்பர். கேட்பதற்கு இனிய வாதம். ஆராய்ந்தால் நிற்காத வாதம்.

1992ஆம் ஆண்டின் அமெரிக்க அதிபர் தேர்தலே இதற்குச் சான்று. 1991இல் வளைகுடாப் போர் முடிந்தபோது அதிபர் ஜார்ஜ் புஷ்ஷை நூற்றுக்கு ஏறத்தாழ 90 பேர் ஆதரித்தனர். மறு ஆண்டிலோ அவர் பெற்ற வாக்குகள் 37 விழுக்காடே. பில் கிளிண்டன் 43 விழுக்காடு பெற்று வென்றார். கட்சி சாராத செல்வர் ரோஸ் பெரோ ஏறத்தாழ 19 விழுக்காடு பெற்றார். பெரோவே புஷ்ஷைக் கவிழ்த்தார் என்று கூறுவார் இன்றும் உளர். வாக்களித்து வெளிவந்தோரிடம் எடுக்கப்பெற்ற கணிப்பு அதனை மறுக்கிறது. பெரோ நில்லாதிருப்பின், அவருடைய வாக்குகள் மற்ற இருவருக்கும் ஏறத்தாழச் சமமாகவே பிரிந்திருக்கும்.

அவ்வாறாயின் புஷ்ஷை வீழ்த்தியது எது? 1992 ஜூனில் வேலையின்மை 7.8 விழுக்காட்டை எட்டியது. பொருளாதார மந்தம் 1991 மார்ச்சிலேயே முடிந்ததாக வல்லுநர் பின்னர்க் கணித்தனர். ஏட்டில் முடிந்த மந்தம் வீட்டில் முடியவில்லை. புதிய வரி இல்லையென 1988இல் உறுதியளித்தவர், 1990இல் வரியுயர்வுக்கு இசைந்ததையும் மக்கள் மறக்கவில்லை. அடுப்பு எரியாத வீட்டில் போர்வெற்றி முரசு எடுபடுமா? பெரோ அந்த மனக்குறையின் அறிகுறியேயன்றி அதன் காரணம் அல்லர்.

2000இல் புளோரிடாவில் புஷ்ஷின் மைந்தர் வென்றது 537 வாக்குகளில். அங்கு மூன்றாமவரான ரால்ப் நேடர் பெற்றவை 97,000க்கு மேல். இதைக் காட்டி மறுப்போர் உண்டு. தராசு சமநிலையில் நிற்கையில் சிறு கல்லும் அதனைச் சாய்க்கும் என்பது மெய்யே. ஆயினும் அது அதிக வாக்குப் பெற்றவரே வெல்லும் முறையின் குறை. மலேசியாவும் சிங்கப்பூரும் கைக்கொள்வதும் அம்முறையே. ஆஸ்திரேலியா 1918 முதல் கீழவைத் தேர்தலில் வேட்பாளர்களை விருப்ப வரிசைப்படி குறிக்கும் முறையைக் கொண்டுள்ளது. அங்கே பின்தங்கியவர்க்கு விழுந்த வாக்கு அடுத்த விருப்பத்தினரைச் சென்றடைகிறது.

வாக்கு எந்தக் கட்சிக்கும் பரம்பரைச் சொத்தன்று. சொத்தே அல்லாததை ஒருவர் எங்ஙனம் திருட இயலும்? மூன்றாமவரைத் திருடர் என்பவர், வாக்களித்த குடிமகனைப் பொருளாக மதிக்கின்றனர், மனிதனாக மதிக்கவில்லை. குடிமையியல் கற்பிக்கும் ஆசிரியர் மாணவர் உள்ளத்தில் முதலில் பதிக்க வேண்டிய பாடம் இதுவே.