எழுத்துக்கு முன்னே செவி

எழுத்தறிவு அரிச்சுவடியோடு தொடங்குவதில்லை; கதை கேட்கும்போதும், சுவரில் கிறுக்கி அதற்குப் பொருள் சொல்லும்போதும் குழந்தையிடம் அது வளரத் தொடங்கிவிடுகிறது என்பதை நியூசிலாந்துக் கல்வியாளர் மேரி கிளே 1960களிலேயே ‘அரும்பும் எழுத்தறிவு’ என்னும் கருத்தாக வகுத்தார். சொல்லின் ஒலிகளைப் பிரித்துணரும் திறனாகிய ஒலியுணர்வு இதன் அடித்தளங்களுள் ஒன்று. ‘கெ’ என்பதில் ககர ஒலி முதலில் கேட்க, எகரத்தைக் குறிக்கும் கொம்போ இடப்புறம் முந்தி நிற்பதால், செவி பழகாத குழந்தைக்கு வரிவடிவம் வெறும் மனப்பாடமாகிவிடக்கூடும். தமிழக அரசு 2022இல் முதல் மூன்று வகுப்புகளுக்கெனத் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் வரவேற்கத்தக்கதே. எனினும் அதன் பயன் முழுமைபெற, அங்கன்வாடியிலேயே எழுதவைக்கும் அவசரத்தைக் கைவிட்டு, கதைக்கும் பாட்டுக்கும் உரையாடலுக்கும் அன்றாடம் நேரம் ஒதுக்கப்பட வேண்டும்.