பங்கு தராத வரிகள்

மத்திய வரி வருவாயில் மாநிலங்களின் பங்கை 2015-இல் 14-ஆவது நிதிக் குழு 42 சதவீதமாக உயர்த்தியபோது, அது கூட்டாட்சியின் வெற்றியாக வரவேற்கப்பட்டது. 15-ஆவது நிதிக் குழு அதை 41 சதவீதமாக்கியது. ஆனால், மொத்த வரி வருவாயில் கணக்கிட்டால் இந்த விகிதம் மாநிலங்களை எட்டுவதில்லை. அரசியல் சட்டத்தின் 270-ஆவது பிரிவின்படி செஸ், சர்சார்ஜ் ஆகியவற்றில் மாநிலங்களுக்குப் பங்கில்லை என்பதே காரணம்.

2021 பட்ஜெட்டே இதற்குச் சான்று. பெட்ரோல் மீதான அடிப்படை உற்பத்தி வரி லிட்டருக்கு ரூ. 2.98-லிருந்து ரூ. 1.40 ஆகக் குறைக்கப்பட்டு, வேளாண் உள்கட்டமைப்பு செஸ் ரூ. 2.50 விதிக்கப்பட்டது. மக்கள் செலுத்தும் மொத்த வரி ஏறக்குறைய அப்படியே இருந்தது. மாநிலங்களுடன் பகிரவேண்டிய வரியோ பாதிக்கும் கீழே சரிந்தது.

வசூலித்த நோக்கத்துக்காவது இத்தொகை செலவிடப்படுகிறதா? 2018-19-இல் செஸ் உள்ளிட்ட 35 இனங்களில் வசூலான சுமார் ரூ. 2.75 லட்சம் கோடியில், ரூ. 1.64 லட்சம் கோடி மட்டுமே உரிய நிதியங்களுக்கு மாற்றப்பட்டதாகத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் சுட்டிக்காட்டினார்.

நெருக்கடிக் காலத்தில் மத்திய அரசுக்குச் சிறப்பு வரி விதிக்கும் அதிகாரம் தேவை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், விதிவிலக்கு வழக்கமாகிவிடக் கூடாது. செஸ் வசூலுக்கு உச்சவரம்பு விதித்து, அதற்கு மேற்பட்ட தொகையை மாநிலங்களுடன் பகிர்வதே நியாயம். பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் பெருமளவில் நடத்துவது மாநிலங்கள்தானே!