சூரியப் புயலை அளக்கும் ஊட்டி மலைச்சரிவு!

ஊட்டி என்றதும் பொட்டானிக்கல் கார்டன், படகுச் சவாரி, வர்க்கி எல்லாம் நினைவுக்கு வரும். ஊருக்கு வெளியே முத்தோரை மலைச்சரிவில் அரை கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கருவி படுத்திருப்பது பலருக்குத் தெரியாது. சூரியனிலிருந்து கிளம்பும் புயலைக் கண்காணிப்பதும் அதன் வேலைகளில் ஒன்று!

அதுதான் ஊட்டி ரேடியோ தொலைநோக்கி. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானி கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970-ல் உருவானது. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். 24 பெரிய சட்டங்களின் மேல் 1,100 எவர்சில்வர் கம்பிகள். லென்ஸ் கிடையாது. இது பிடிப்பது ஒளியை அல்ல, ரேடியோ அலைகளை. அதனால் பட்டப்பகலிலும், ஊட்டிப் பனிமூட்டத்திலும் வேலை செய்யும்.

ஏன் ஊட்டி? அங்கே அட்சரேகை சுமார் 11 டிகிரி. அந்த மலையின் சரிவும் அதே அளவு. அதில் வடக்கு தெற்காகக் கிடத்தினால், கருவி பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிடும். ஒரே அச்சில் மெல்லத் திருப்பினால் போதும். வானில் ஒரு புள்ளியைத் தொடர்ந்து ஒன்பதரை மணி நேரம் பார்க்கலாம்.

சூரியனிலிருந்து எப்போதும் மின்னேற்றத் துகள்கள் வீசிக்கொண்டே இருக்கின்றன. இதுதான் சூரியக் காற்று. கண்ணுக்குத் தெரியாத காற்றை எப்படி அளப்பது? எரியும் அடுப்புக்கு மேலாகப் பார்த்தால் எதிர்ச்சுவர் நெளிவதுபோலத் தெரியும் இல்லையா? அப்படித்தான், தொலைதூர கேலக்ஸிகளின் ரேடியோ அலைகள் சூரியக் காற்றைக் கடந்து வரும்போது மினுங்குகின்றன. அந்த மினுக்கத்தை அளந்தால் காற்றின் வேகம் தெரியும். பல கேலக்ஸிகளை அடுத்தடுத்து அளந்தால், புயல் வரும் பாதையும் தெரியும்.

அது தெரிந்து என்ன பயன்? 1989 மார்ச் 13 அன்று சூரியப் புயல் தாக்கி, கனடாவின் கியூபெக் மாகாணத்தில் மின்சாரம் மொத்தமாக நின்றது. 60 லட்சம் பேர் சுமார் 9 மணி நேரம் இருட்டில்! இன்று ஜி.பி.எஸ், செயற்கைக்கோள் என்று நாம் நம்பியிருப்பவை இன்னும் அதிகம்.

இப்படிப்பட்ட புயல் பூமிக்கு வந்துசேரப் பொதுவாக ஒன்று முதல் மூன்று நாள்கள் ஆகும். மின் நிலையங்களும் செயற்கைக்கோள்களை இயக்குபவர்களும் தயாராகக் கிடைக்கும் அவகாசம் அவ்வளவுதான். வங்கக்கடல் புயல் எங்கே, எப்போது கரையைக் கடக்கும் என்று முன்கூட்டியே சொல்கிறார்கள். சூரியப் புயலையும் அப்படிச் சொல்ல, அது வழியில் இருக்கும்போதே அளந்தாக வேண்டும். முத்தோரைச் சரிவில் நடப்பது அதுதான்.