கிரேன் அடியில் நிற்பவன் சொல்லும் ‘நிறுத்து’

கேமரன் மலையில், பிரிஞ்சாங் பக்கம் மழை விட்ட ஒரு மதியம். ரோட்டோரம் லாரி கிரேன் ஒன்று வேலை செய்துகொண்டிருந்தது. மலைப்பக்கத்து இரண்டு கால்கள் தார்மீது ஊன்றியிருந்தன. பள்ளத்துப் பக்கத்து இரண்டும் கொட்டி நிரப்பிய செம்மண்மீது. அந்தக் காலுக்கு அடியில் வைத்திருந்த பலகை, சோற்றுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். கம்பிக்கட்டு மேலே போகப் போக, பலகையோரம் சேறு பிதுங்கியது. கீழே தேயிலைச் சரிவு. கட்டுக்கு நேர் அடியில் ஒரு பையன் அண்ணாந்தபடி கைச்சைகை காட்டிக்கொண்டு நின்றான். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால் மறுநாளும் அதே பலகையைத்தான் போட்டிருப்பார்கள்.

கிரேன் என்றால் எல்லார் கண்ணும் மேலே போகிறது. மலையில் பார்க்கவேண்டியது அதன் காலடியை. ‘25 டன்’ என்று எழுதியிருக்கும். கையைக் குறுக்கி, ஏறக்குறைய 3 மீட்டருக்குள் தூக்கினால்தான் அந்த 25. கை நீள நீள அது சில டன்னாகச் சுருங்கிவிடும். அந்தக் கணக்கும் வண்டி மட்டமாக நின்றால்தான் செல்லும். கேமரன் மலையிலோ சரிவை வெட்டி, வெட்டிய மண்ணையே ஓரத்தில் நிரப்பித் தட்டாக்கிய இடங்கள் ஏராளம். மழையில் ஊறிய மண் என்ன செய்யும் என்று மலைவாசிகளுக்குச் சொல்லவேண்டியதில்லை. 2024 ஜனவரி 26 அன்று புளூவேலி நிலச்சரிவில் மியன்மார்த் தொழிலாளர் ஐவர் மாண்டார்கள்.

கிரேன் கவிழ்வது மலையில் மட்டும் இல்லை. 2023 ஜனவரி 22 அன்று தமிழ்நாட்டில் அரக்கோணம் அருகே கீழ்வீதி கிராமத்துக் கோயில் திருவிழாவில், சாமிக்கு மாலை போட ஆட்களைத் தொங்கவிட்டுச் சென்ற கிரேன் கவிழ்ந்து நால்வர் இறந்தார்கள். ஆளைத் தூக்கும் வேலைக்கு அது செய்யப்பட்டதே இல்லை. 2015 செப்டம்பர் 11 அன்று மக்காவில் நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்ற கிரேன், வேலையில்லாத நேரத்திலும் கை உயர்ந்தபடி நின்றது, காற்று சாய்த்துவிட்டது. பக்கத்தில் இருந்த யாருக்காவது ‘இது சரியில்லை’ என்று தோன்றியிருக்காதா? தோன்றியதைச் சொல்ல அவருக்கு அதிகாரம் இருந்ததா என்பதுதான் என் கேள்வி.

இந்த மலையில் அந்த அதிகாரம் கீழே இருப்பவனிடம் இருந்ததே கிடையாது. 1929-இல் ஜே. ஏ. ரஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபோது இருந்தவை ஒரு நீராவி உருளை, சில கோவேறு கழுதைகள், மற்றபடி கூலிகளின் கைகள். துரை, கிராணி, மண்டோர் என்று மேலிருந்து வந்த சொல்லுக்கு மறுபேச்சு கிடையாது. இன்று நம்மவர் நின்ற இடத்தில் வங்காளதேசத்தவரும் நேப்பாளியும் நிற்கிறார்கள். கட்டுமானத் தளத்தில் மண்டோருக்குப் பதில் சூப்பர்வைசர். கேட்டு நடக்கும் பழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது.

மலேசியச் சட்டமோ மாறிவிட்டது. 1967-ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் 2024 ஜூன் 1 அன்று ரத்தானது. அதே நாளில், திருத்தப்பட்ட 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் நடப்புக்கு வந்தது. முதலாளி கடமை தவறினால் அபராத உச்சவரம்பு 50 ஆயிரம் ரிங்கிட்டிலிருந்து 5 லட்சமாக உயர்ந்தது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது 26ஏ பிரிவு: உடனடி ஆபத்து இருப்பதாக நம்ப நியாயம் இருந்து, சொல்லியும் முதலாளி ஒன்றும் செய்யாவிட்டால், தொழிலாளி அந்த இடத்தைவிட்டு விலகலாம். அதற்காக அவரைத் தண்டிக்க முடியாது.

காகிதத்தில் நல்ல பிரிவு. ஆனால் வேலை பெர்மிட்டே முதலாளி பெயரோடு கட்டப்பட்ட ஒரு வெளிநாட்டுப் பையன், மணிக்கணக்கில் வாடகை ஓடும் கிரேனை நிறுத்தச் சொல்வானா? மாட்டான். ஆகவே நிறுத்தும் வேலையை அவன் தலையில் மட்டும் கட்டக்கூடாது. ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளரை நியமிக்க இதே சட்டம் சொல்கிறது. மழைக்குப்பின் கால் ஊன்றிய மண்ணைப் பார்த்து அவர் தலையாட்டிய பிறகே சுமை எழும்பவேண்டும்.

கட்டுமான வேலைக்குப் போகிற பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், 26ஏ என்ற எண்ணை இன்றிரவே சொல்லிவையுங்கள். தொங்கும் சுமைக்கு அடியில் யார் கூப்பிட்டாலும் போகாதே என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.