தீர்மானமா, மந்திரமா?

கல்யாண வீட்டில் புரோகிதன் சொல்லும் மந்திரத்துக்கு அர்த்தம் என்னவென்று மாப்பிள்ளைக்கும் தெரியாது, பெண்ணுக்கும் தெரியாது. பல இடங்களில் சொல்லுகிறவனுக்கே தெரியாது. ஆனாலும் தலையாட்ட வேண்டிய இடத்தில் எல்லோரும் தலையாட்டி, அட்சதை போட வேண்டிய இடத்தில் அட்சதையும் போட்டுவிட்டுப் பந்திக்குப் போய்விடுகிறார்கள். இந்த மூடத்தனத்தைக் கண்டிக்க இன்று ஊருக்கு நாலு பேராவது இருக்கிறார்கள். ஆனால் இதே காரியம் கோயமுத்தூரில், விக்டோரியா மகாராணி பேரால் கட்டிய ஹாலுக்குள், மாநகராட்சி மாமன்றக் கூட்டம் என்ற பேரால் நடக்கும்போது அதைக் கண்டிக்க ஒருவரையும் காணோம்.

"பொருள் எண் இன்னது" என்று வாசிக்கப்படுகிறது. அது எந்த ரோடு, எத்தனை லட்சம், யாருக்கு டெண்டர் என்று காதில் விழுவதற்குள் அடுத்த எண் வந்துவிடுகிறது. ஒருவர் தம் வார்டில் சாக்கடை அடைத்துக் கிடப்பதைப் பற்றிக் கத்துகிறார். மற்றொருவர் தலைவருக்கு நன்றி தெரிவித்து ஒரு பிரசங்கம் செய்கிறார். இவ்விரண்டு சத்தத்துக்கும் நடுவில் பட்டியல் முழுதும் நிறைவேறிவிடுகிறது. இதில் "பின்னேற்பு" என்று ஒரு வேடிக்கை வேறு உண்டு. அதாவது காரியம் முன்னமே நடந்துவிட்டது, பணமும் போய்விட்டது, மன்றம் பின்னால் ஏற்றுக்கொள்ள வேண்டியது. தாலி கட்டி முடிந்த பிறகு பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்று கேட்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இந்த ஊருக்கு நகரசபை ஏற்பட்டது 1866இல். அக்காலத்து ஓட்டு சொத்தும் வரியும் உள்ள சிலருக்குத்தான். இன்றோ 100 வார்டு, ஸ்தானங்களில் பாதி பெண்களுக்கு, கூலிக்காரனுக்கும் ஓட்டு. இவ்வளவும் சும்மா கிடைத்ததல்ல. அப்படிக் கிடைத்ததை நாம் எப்படி வைத்துக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் கேள்வி.

2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரித் தேர்தல் வரை, ஐந்து வருஷத்துக்கு மேல், கோயமுத்தூருக்குத் தேர்ந்தெடுத்த மன்றமே இல்லை. கமிஷனரே தனி அதிகாரி. அதாவது அவரே பிரேரேபிக்கிறவர், அவரே ஆமோதிக்கிறவர், அவரே ஏகமனது. அந்தக் காலத்தில்தான், 2018 ஜனவரியில், ஊரின் குடிதண்ணீர் விநியோகத்தை 26 வருஷத்துக்கு சூயஸ் என்ற பிரெஞ்சுக் கம்பெனியிடம் ஒப்படைக்கும் 3,167 கோடி ரூபாய் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அந்த ஒப்பந்தம் நல்லதாகவே இருக்கட்டும். ஒரு சாக்கடைக் கல்லுக்கு மன்றத்தின் தீர்மானம் வேண்டும் என்கிற ஊரில், இன்று பிறந்த குழந்தை பெரியவனாகிக் கல்யாணம் செய்துகொள்ளும் வரையில் செல்லக்கூடிய ஒப்பந்தத்துக்கு ஒரு கவுன்சிலரின் கைகூடத் தூக்கப்படவில்லை என்பதை யோசிக்க வேண்டாமா? 2021இல் ஆட்சி மாறியது. ஒப்பந்தம் மாறவில்லை.

நிற்க. "கவுன்சிலருக்கு ஏது அதிகாரம்? எல்லாம் கமிஷனர் கையில், சர்க்கார் கையில்" என்று ஒரு சமாதானம் சொல்லப்படுகிறது. இது "எல்லாம் அவன் செயல்" என்பதற்கு அண்ணன் தம்பி. ராமநாதபுரம் ஜில்லா போர்டுக்கு ஏது பெரிய அதிகாரம்? 1930ஐ ஒட்டிய காலத்தில் அதன் தலைவராயிருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், ஆதிதிராவிடரை ஏற்றாத பஸ்ஸுக்கு லைசென்ஸ் கிடையாது என்று உத்தரவு போட்டார். பஸ் முதலாளிகளின் சாஸ்திரம் அன்றோடு ஓடிப்போயிற்று. சிறுவாணித் தண்ணீர் கோயமுத்தூருக்கு வந்ததும் வருண ஜெபத்தால் அல்ல. நகரசபைத் தலைவராயிருந்த சி.எஸ். இரத்தினசபாபதி முதலியோர் விடாமல் முயன்றதால் வந்தது. இன்று ஆர்.எஸ்.புரம் என்று சொல்லுகிறவர்களில் எத்தனை பேருக்கு அது அவர் பேர் என்று தெரியும்?

இனி எல்லாவற்றிலும் முக்கியமான சங்கதிக்கு வருவோம். 2019 நவம்பரில் இந்த மாநகராட்சி 549 நிரந்தரத் துப்புரவு வேலைக்கு ஆள் எடுத்தது. வந்து நின்றவர்கள் சுமார் 7,000 பேர். அவர்களில் பட்டதாரிகள் உண்டு, இஞ்சினீயரிங் படித்தவர்களும் உண்டு. ஆரம்பச் சம்பளம் 15,700 ரூபாய். பிறவியிலேயே ஒரு ஜாதிக்கு விதித்த தொழில் என்று எந்த வேலையைச் சொல்லி வந்தார்களோ, அந்த வேலைக்கு நிரந்தரமும் சம்பளமும் சேர்ந்தவுடனே விதி எங்கே போயிற்று? ஆகவே அந்தத் தொழிலின் இழிவு பிறவியில் இல்லை, கூலியில் இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

அப்படியானால் அதே துப்புரவைக் கண்ட்ராக்டுக்கு விடும் பொருள் மன்றத்தில் ஒரு மூச்சில் நிறைவேறுகிறதே, அதற்கு அர்த்தம் என்ன? வேலையை நிரந்தரம் என்றால் பட்டதாரி வருகிறான். தினக்கூலி என்றால் மேஸ்திரி பழையபடி அருந்ததியர் தெருவைத் தேடிப் போகிறான். மனு எழுதி வைத்ததைக் காப்பாற்ற இப்போது புரோகிதன் வேண்டியதில்லை, டெண்டர் போதும். 2022 அக்டோபரில் அந்த ஒப்பந்தத் தொழிலாளிகள் வேலையை நிறுத்தினார்கள். அவர்கள் கேட்டது பங்களாவையல்ல. மாவட்ட நிர்வாகம் நிர்ணயித்த கூலியைத்தான். அதைக் கேட்கவும் வீதிக்கு வர வேண்டியிருந்தது.

வார்டு கமிட்டி என்பதை அரசியல் சட்டத்தில் எழுதி அது அமலுக்கு வந்தது 1993இல். நம் மாகாணத்தில் வார்டு கமிட்டிக்கும் ஏரியா சபைக்கும் விதிகள் வெளியானது 2022இல். இருபத்தொன்பது வருஷம் கழித்தாவது வந்ததே என்று சந்தோஷப்படலாம். ஆனால் அதன் அங்கத்தினர்களும் ஜனங்கள் ஓட்டுப் போட்டு வருகிறவர்களல்ல, நியமனம் பெறுகிறவர்கள். கட்சிக்காரர் மைத்துனருக்கு ஒரு நாற்காலி என்று அதுவும் முடிந்துபோகாமல் பார்க்க வேண்டியது யார்? ஏரியா சபைக்கு ஓட்டர் எவரும் போகலாம். மாரியம்மன் சாட்டுக்குப் பதினைந்து நாள் ஒதுக்கி வரி வசூலிக்கும் தெருக்காரர்கள் இதற்கு ஒரு மாலை ஒதுக்கினால் ஆத்தாள் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

மாமன்றம் கூடுவதற்கு முன்னமே பொருள் பட்டியலைச் சாதாரணத் தமிழில் அச்சடித்து, ஒவ்வொரு வார்டு ஆபீஸ் சுவரிலும் ஒட்டச் சொல்ல வேண்டும். ஓட்டுக் கேட்டு வீடு வீடாக வந்த கவுன்சிலரை, அடுத்த துப்புரவு டெண்டர் வருகிறபோது ஆளுக்குக் கூலி எவ்வளவு, பி.எஃப். கட்டப்படுகிறதா, ரசீது எங்கே என்று மன்றத்தில் கேட்டுவிட்டு அப்புறம் கையைத் தூக்கும்படி இப்போதே சொல்லி வையுங்கள்.