போலீஸ்காரருக்கும் எட்டு மணி நேர வேலை வேண்டும்

மில் கேட்டில் மறியல் நடந்தால் தடியோடு வந்து நிற்பவர் போலீஸ்காரர். கூலித் தகராறு என்றால் வயல் வரப்பில் வந்து நிற்பவரும் அவரே. அந்தத் தடியின் வலி நமது வாசகர்களில் பலருக்குத் தெரியும். ஆகவே, "போலீஸ்காரரின் இருதயத்தைப் பற்றி நமக்கென்ன கவலை?" என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. அதற்குப் பதில் சொல்லவே இதை எழுதுகிறோம்.

தடியை ஓங்கும் கை யாருடையது? உத்தரவு போட்டவருடையதல்ல. பெரும்பாலும் அது ஓர் ஏழை விவசாயியின் மகனுடைய கை. ஒரு தொழிலாளியின் தம்பியுடைய கை. நிலமும் சிபாரிசும் இல்லாத வீட்டுப் பிள்ளைகள், மாதச் சம்பளம் ஒன்று நிலையாக வருமே என்று நம்பித்தான் இந்தக் காக்கிச் சட்டையை மாட்டிக் கொள்கிறார்கள்.

அவர்களுடைய வேலை நேரம் என்ன? மில்லில் சங்கு ஊதினால் ஷிப்ட் முடிந்தது. வயலில் பொழுது சாய்ந்தால் கரையேறலாம். போலீஸ் ஸ்டேஷனில் ஊதுவதற்குச் சங்கு கிடையாது. மத்திய சர்க்காரின் போலீஸ் ஆராய்ச்சி இலாகா 2014-ல் வெளியிட்ட ஆய்வின்படி, ஸ்டேஷன்களில் பணிபுரிவோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 90 பேர் தினம் எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்கிறார்கள். 'காமன் காஸ்' என்ற ஸ்தாபனமும், டில்லியிலுள்ள சி.எஸ்.டி.எஸ். ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து 2019-ல் வெளியிட்ட அறிக்கை, சராசரி வேலை நேரம் 14 மணி என்கிறது. இருவரில் ஒருவருக்கு வார ரஜா என்பதே இல்லை என்றும் அது சொல்கிறது.

மந்திரி வந்தால் பந்தோபஸ்து. தேர்த் திருவிழா என்றால் பந்தோபஸ்து. தேர்தல் என்றால் வாரக்கணக்கில் பந்தோபஸ்து. ஊரெல்லாம் பொங்கல் கொண்டாடும்போது அவர் நடுரோட்டில் நிற்கிறார். கிடைத்த நேரத்தில் கிடைத்ததைத் தின்று, கிடைத்த இடத்தில் கண்ணயர்கிறார். கண்ணயர்ந்த அரைமணியில் மறுபடியும் அழைப்பு வருகிறது.

இப்படி வாழும் மனிதனின் உடம்பு என்ன ஆகும்? ஆபத்து வரும்போதெல்லாம் உடம்பு தன்னைச் சண்டைக்குத் தயார் செய்து கொள்கிறது. நாடி துடிக்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது. ஆபத்து நீங்கி, நன்றாகத் தூங்கி எழுந்தால் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும். தூக்கமே இல்லையென்றால்? ஏறிய அழுத்தம் இறங்குவதில்லை. ரத்தக் கொதிப்பு நிலைத்து விடுகிறது; சர்க்கரை வியாதி ஒட்டிக் கொள்கிறது; ரத்தக் குழாய்களின் உட்சுவரில் கொழுப்புப் படிகிறது. பிறகு ஒருநாள் ஒரு கைகலப்பு, ஒரு துரத்தல் போதும். படிந்த கொழுப்பு வெடித்து, ரத்தம் அங்கே உறைந்து குழாய் அடைபடுகிறது. அதுதான் மாரடைப்பு.

இது வெறும் யூகமல்ல. அமெரிக்காவில் 1984 முதல் 2010 வரை டூட்டியில் இறந்த சுமார் 4,500 போலீஸ்காரர்களின் விவரங்களை ஹார்வர்டு சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள் பரிசீலித்தார்கள். அவர்களில் 441 பேர் திடீர் இருதய மரணம் அடைந்தவர்கள். சாதாரண வேலை நேரத்தைவிட, ஒருவரைப் பிடித்து அடக்கும்போதும் கைகலப்பின்போதும் இந்த மரணத்தின் அபாயம் 34 முதல் 69 மடங்கு வரை அதிகம் என்று 2014-ல் அறிவித்தார்கள். துப்பாக்கியும் மோட்டாரும் தாராளமாக உள்ள நாட்டிலேயே இந்தக் கதி!

"கவலையெல்லாம் மேலதிகாரிக்குத்தானே, கான்ஸ்டபிளுக்கு என்ன மனச்சுமை?" என்று சிலர் பேசுவதுண்டு. இதற்கும் விஞ்ஞானம் பதில் சொல்லியிருக்கிறது. லண்டனில் சர்க்கார் ஊழியர்களை 1967 முதல் தொடர்ந்து கவனித்து வந்த ஆய்வில், இருதய நோயால் அதிகம் இறந்தவர்கள் உச்சியில் இருந்த அதிகாரிகள் அல்ல. அடிமட்டச் சிப்பந்திகளே என்று தெரிய வந்தது. அவர்களது மரண விகிதம் உச்சியில் இருந்தவர்களைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். புகைப் பழக்கம், ரத்தக் கொதிப்பு முதலியவற்றைக் கழித்துப் பார்த்தும் வித்தியாசம் முழுதும் மறையவில்லை. பின்னால் நடந்த ஆய்வு, வேலையில் தன் சொல்லுக்கு இடமில்லாதவனுக்கே இருதய நோய் அதிகம் என்று காட்டியது. உத்தரவு போடுகிறவனைவிட, வாய் திறவாமல் அதைச் சுமக்கிறவனின் நெஞ்சுதான் முதலில் உடைகிறது!

இந்த உண்மை தறியில் நிற்பவருக்கும் பொருந்தும். பஸ் ஓட்டுகிறவருக்கும் பொருந்தும். வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்ததன் விளைவாக, 2016-ம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் சுமார் 7,45,000 பேர் இருதய நோயாலும் பக்கவாதத்தாலும் மாண்டார்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனமும் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனமும் 2021-ல் கணக்கிட்டன. நமது போலீஸ்காரர் அந்த 55 மணியை நான்கே நாளில் தாண்டி விடுகிறார்.

இந்த நிலைக்குக் காரணம் என்ன? முதல் காரணம், ஆள் பற்றாக்குறை. 2020 ஜனவரியில் நாடு முழுவதும் அனுமதிக்கப்பட்ட 26 லட்சத்துக்கு மேற்பட்ட போலீஸ் இடங்களில் 5 லட்சத்துக்கு மேல் காலியாகக் கிடந்தன. ஐந்து பேர் செய்ய வேண்டியதை நான்கு பேர் செய்தார்கள். இரண்டாவது காரணம், இருக்கிற ஆளையும் வீட்டு வேலைக்கு இழுக்கும் ஆர்டர்லி முறை. தமிழ்நாட்டில் 1979-லேயே இதை ஒழித்து உத்தரவு போட்டாயிற்று. ஆனால் 2022-ல் சென்னை ஹைக்கோர்ட் தலையிட்டு, இதை ஒழித்துக்கட்டும்படி மறுபடியும் சொல்ல நேர்ந்தது. வெட்கக்கேடு! மூன்றாவது காரணம், வெள்ளைக்காரன் விட்டுச் சென்ற மனோபாவம். போலீஸ்காரன் எந்நேரமும் டூட்டியில் இருப்பதாகவே கருதப்படுவான் என்று 1861-ம் ஆண்டுப் போலீஸ் சட்டத்தின் 22-வது பிரிவு விதித்தது. அதிகார வர்க்கம் இன்னும் அந்தக் கண்ணாலேயே அவரைப் பார்க்கிறது.

கீழ்நிலைப் போலீஸாருக்கு வாரத்தில் ஒருநாள் ரஜா என்று தமிழ்நாடு சர்க்கார் 2021-ல் உத்தரவிட்டது. வரவேற்க வேண்டிய உத்தரவுதான். ஆனால் ஆள் இல்லாத ஸ்டேஷனில் ரஜாச் சீட்டில் யார் கையெழுத்துப் போடுவார்? காலியிடங்களை நிரப்பாமல் ரஜா கொடுப்பது, அரிசி கொடுக்காமல் பானை கொடுப்பது போலத்தான்.

எட்டு மணி நேர முறை போலீஸுக்கு ஒத்துவராது என்பார்கள். பம்பாயில் தேவனார் ஸ்டேஷனில் 2016-ல் அதை நடத்திக் காட்டினார்கள். யோசனை சொன்னவர் பெரிய அதிகாரியல்ல, ஒரு கான்ஸ்டபிள்! பிறகு நகரின் மற்ற ஸ்டேஷன்களுக்கும் அது பரவியது. மனமிருந்தால் வழி உண்டு என்பது கண்கூடு.

2023 ஏப்ரலில், ஆலைகளில் 12 மணி நேர வேலைக்கு இடம் தரும் மசோதா தமிழ்நாடு சட்டசபையில் நிறைவேறியபோது என்ன நடந்தது? தொழிற்சங்கங்கள் ஒரே குரலில் எதிர்த்தன. மே முதல் தேதி சர்க்கார் மசோதாவை வாபஸ் பெற்றது. சங்கம் இருந்ததால் தொழிலாளி வென்றார். போலீஸ்காரருக்கோ அந்த வழி அடைக்கப்பட்டிருக்கிறது. அனுமதியின்றிச் சங்கத்தில் சேர்ந்தால் இரண்டாண்டு வரை சிறை என்கிறது 1966-ம் ஆண்டுச் சட்டம். பக்கத்திலுள்ள கேரளத்தில் போலீஸ்காரர் சங்கம் இயங்கி வருகிறது. அதனால் அங்கே வானம் இடிந்து விழுந்து விடவில்லை!

இதையெல்லாம் சொல்வதால் தடியடியை நாம் மன்னித்து விட்டோம் என்று யாரும் எண்ண வேண்டாம். அக்கிரமம் செய்தவர் யாராயிருந்தாலும் சட்டத்தின்முன் நின்றாக வேண்டும். ஆனால் பதினாறு மணி நேரம் கால் கடுக்க நின்று, தூக்கம் கெட்டு, மேலே வாங்கிய வசவை விழுங்கிக்கொண்டு நிற்பவனின் கையில் தடியைக் கொடுத்தால், அவன் அதை நிதானமாகவா பிடிப்பான்? அவனுடைய ஓய்வு நமது பாதுகாப்பும் ஆகும்.

ஆகவே நாம் கோருகிறோம்:

எட்டு மணி நேர ஷிப்ட் முறையை எல்லா ஸ்டேஷன்களிலும் கட்டம் கட்டமாகக் கொண்டுவர வேண்டும்.

காலியிடங்களை உடனே நிரப்பி, வார ரஜாவை ஏட்டளவில் நிறுத்தாமல் நடைமுறைப்படுத்த வேண்டும்.

ஆர்டர்லி முறையை அடியோடு ஒழிக்க வேண்டும்.

கான்ஸ்டபிள் முதல் எல்லோருக்கும் ஆண்டுதோறும் இருதயப் பரிசோதனை நடத்த வேண்டும். நோய் கண்டால் தண்டனையாக மாற்றல் செய்யாமல் சிகிச்சையும் இலகுவான வேலையும் தர வேண்டும்.

குறைகளை அச்சமின்றிச் சொல்லச் சங்கம் அமைக்கும் உரிமை வேண்டும்.

எட்டு மணி நேர வேலை என்பது உழைப்பாளி மக்கள் ரத்தம் சிந்திப் பெற்ற உரிமை. அதை மில் கேட்டோடு நிறுத்திக் கொள்வது நியாயமல்ல. கேட்டுக்கு வெளியே தடியோடு நிற்கிற மனிதனுக்கும் அது சேர வேண்டும். அவனால் வாய் திறக்க முடியாது. நம்மால் முடியும். அவனுக்காகவும் சேர்த்து நாம் பேசுவோம்.