கடல் கடந்து வரும் போட்டியாளருக்கு யார் பொறுப்பு?

தமிழ் பிக் பாஸ் மூன்றாவது பருவத்தில், 2019 அக்டோபரில், பட்டம் வென்றவர் மலேசியப் பாடகர் முகென் ராவ். இலங்கையிலிருந்து வந்த லாஸ்லியாவும் தர்ஷனும் அதே வீட்டில் இருந்தவர்கள். 2023 டிசம்பரில் ஜீ தமிழின் சரிகமப லிட்டில் சாம்ப்ஸ் பட்டம் யாழ்ப்பாணத்துச் சிறுமி கில்மிஷாவுக்குப் போனது. மலையகத் தோட்டத்திலிருந்து வந்த அசானியின் குரலுக்குத் தமிழ்நாடு உருகியதும் அந்தப் பருவத்தில்தான். சென்னையின் போட்டி மேடை உலகத் தமிழரின் மேடையாக வளர்ந்திருப்பதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் அந்த மேடைக்கு வருகிறவர்களை நம் சட்டம் என்னவாகப் பார்க்கிறது என்று கேட்டால், உருப்படியான பதில் இல்லை. ஏதேனும் விபரீதம் நடந்த பிறகு விழித்துக்கொள்வதைவிட இப்போதே குரல் எழுப்புவது நல்லது.

சுற்றுலா விசாவில் வந்தவர் இந்தியாவில் வேலை செய்யக் கூடாது. வேலைவாய்ப்பு விசா வேண்டுமென்றால், சில விலக்குகள் தவிர, ஆண்டுச் சம்பளம் 16.25 லட்சம் ரூபாய்க்குக் குறையக் கூடாது. பாடல் போட்டிக்கு வரும் யாழ்ப்பாணத்துப் பிள்ளை எந்தக் காலத்தில் அந்தக் கணக்குக்குள் அடங்கும்? திரைப்படம், தொலைக்காட்சித் தொடர், ரியாலிட்டி ஷோ படப்பிடிப்புகளுக்கென்று தனி விசா இருக்கிறது. அது நாட்டுக்குள் நுழைய அனுமதி தரும், அவ்வளவுதான். எத்தனை மணி நேரம் கேமரா முன் நிற்க வேண்டும், பாதியில் விலகினால் என்ன ஆகும், காயம்பட்டால் மருத்துவச் செலவு யாருடையது என்பதற்கெல்லாம் அதில் விடை கிடையாது.

இதற்கிடையே தண்டனை மட்டும் தெளிவாக இருக்கிறது. 2025 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ள குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டப்படி, விசா நிபந்தனையை மீறும் வெளிநாட்டவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, மூன்று லட்சம் ரூபாய் வரை அபராதம். எந்த விசாவில் வர வேண்டும் என்று வழிகாட்டியது தயாரிப்பு நிறுவனமாக இருக்கலாம். முதலில் மாட்டிக்கொள்பவர் கடவுச்சீட்டைக் கையில் வைத்திருக்கும் போட்டியாளர்தான்.

வருமான வரிச் சட்டத்துக்கு எந்தக் குழப்பமும் இல்லை. தொலைக்காட்சிப் போட்டியில் வென்ற பரிசுக்கு 30 சதவீத வரி என்று அது கறாராகச் சொல்கிறது. குழப்பமெல்லாம் தொழிலாளர் சட்டத்தில்தான். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், ஒலி-ஒளித் தயாரிப்புகளின் பட்டியலில் ரியாலிட்டி ஷோவையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லாமல் அத்துறைத் தொழிலாளியை அமர்த்தக் கூடாது என்றும் சொல்கிறது. நடிகர், இசைக்கலைஞர், பாடகர், தொகுப்பாளர், செய்தி வாசிப்பவர், நடனக்கலைஞர் என்று வரிசையாக எழுதியவர்கள் ‘போட்டியாளர்’ என்று எழுதவில்லை. நிகழ்ச்சியே அவரை நம்பித்தான் ஓடுகிறது. சட்டத்தில் மட்டும் அவர் பெயர் இல்லை!

அவர் செய்வது விளையாட்டுதானே என்று சேனல்கள் சொல்லக்கூடும். இந்த வாதத்தை பிரான்ஸின் உச்ச நீதிமன்றம் 2009 ஜூனிலேயே தள்ளிவிட்டது. தாய்லாந்துத் தீவொன்றில் படமாக்கப்பட்ட ‘டெம்ப்டேஷன் ஐலண்ட்’ நிகழ்ச்சியின் பிரெஞ்சுப் பதிப்பில் பங்கேற்றவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். தயாரிப்பாளர் சொன்ன இடத்தில், சொன்ன நேரத்தில், சொன்னதைச் செய்தால் அது வேலை, அவர்களுக்கும் நிறுவனத்துக்கும் இடையே இருப்பது பணி ஒப்பந்தம் என்றது நீதிமன்றம். 2019-ல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் தொழிலாளர் இழப்பீட்டு ஆணையமும், ‘ஹவுஸ் ரூல்ஸ்’ நிகழ்ச்சியில் மன உளைச்சலுக்கு ஆளானதாக முறையிட்ட பெண் போட்டியாளரை அதை ஒளிபரப்பிய சேனலின் ஊழியர் என்றே ஏற்றுக்கொண்டது.

அந்நிய மண்ணில் ஒப்பந்தம் எப்படிக் கழுத்தை இறுக்கும் என்பதற்கு விளாடிஸ்லாவ் இவானோவின் கதையைவிட வேறு சான்று வேண்டாம். விளாடிவோஸ்டோக்கைச் சேர்ந்த இந்த ரஷ்ய இளைஞர், 2021-ல் சீனாவின் ஹைனான் தீவில் நடந்த ‘புரொடியூஸ் கேம்ப்’ நிகழ்ச்சிக்கு, ஜப்பானியப் போட்டியாளர்களின் மொழிபெயர்ப்பாளராகப் போனார். முகம் நன்றாக இருக்கிறது, நீயும் போட்டியிடு என்றார்கள், கையெழுத்திட்டார். சில நாளில் மனம் மாறியது. விலகினால் ஒப்பந்த மீறலுக்கு அபராதம் கட்ட வேண்டும். எனக்கு வாக்களிக்காதீர்கள், என்னை வெளியேற்றுங்கள் என்று ரசிகர்களிடம் கெஞ்சிப் பார்த்தார். அதையே வேடிக்கையாக்கி, இறுதிச் சுற்று வரை வாக்களித்து அவரைப் பிடித்துவைத்தது கூட்டம். ஏப்ரல் 24 அன்றுதான் விடுதலை. உலகமே சிரித்த செய்தி அது. நம்மால் சிரிக்க முடியவில்லை.

இங்கேயும் அறிகுறிகள் தெரிந்திருக்கின்றன. முகென் வென்ற அதே 2019 பருவத்தில், தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்ட நடிகை ஒருவர் வெளியேற்றப்பட்டார்; பிறகு சம்பளப் பாக்கி பற்றிய தகராறு காவல் நிலையம் வரை போனது. அவர் இந்தியக் குடிமகள். இங்கேயே இருந்து போராட முடிந்தது. விசா முடிந்து ஊர் திரும்ப வேண்டிய ஒருவர் அதே பாக்கிக்காக எந்தக் கதவைத் தட்டுவார்? வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களைப் பதிவு செய்து காப்பீடு தர இலங்கையில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் இருக்கிறது. போட்டிக்குப் போவது வேலையே இல்லை என்றால் அந்தப் பதிவும் இல்லை. இரண்டு நாடுகளின் ஏட்டிலும் அவர் தொழிலாளி அல்ல.

குழந்தைகள் விஷயத்தில் விதிகள் நன்றாகவே இருக்கின்றன. நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, இடைவெளியின்றி மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, தொடர்ந்து 27 நாட்களுக்கு மேல் கூடாது, மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும், வருமானத்தில் 20 சதவீதமாவது குழந்தையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்புநிதியாக இருக்க வேண்டும். இந்தியக் குழந்தை, இலங்கைக் குழந்தை என்ற பேதம் அந்த விதிகளில் இல்லை. பள்ளியையும் வீட்டையும் விட்டு மாதக்கணக்கில் சென்னையில் தங்கிப் பாடும் வெளிநாட்டுக் குழந்தைக்கு அவை எழுத்து மாறாமல் பொருந்த வேண்டும். பொருந்துகின்றனவா என்பதை மாவட்ட ஆட்சியர்கள் மக்களுக்குச் சொல்ல வேண்டும்.

போட்டியாளரையும் தொழிலாளியாகச் சேர்த்து மத்திய அரசு அறிவிக்க வேண்டும். பணி ஒப்பந்தத்தின் நகல், காப்பீடு, திரும்பும் பயணச்சீட்டு ஆகிய மூன்றையும் தயாரிப்பு நிறுவனம் காட்டிய பிறகே ரியாலிட்டி ஷோவுக்கான விசா வழங்கப்பட வேண்டும். ஒப்பந்தம் போட்டியாளருக்குப் புரியும் தமிழில் இருக்க வேண்டும். விலகுகிறவரிடம் அபராதம் கேட்கும் பிரிவு எதுவும் செல்லாது என்றாக வேண்டும். தமிழகத் தொழிலாளர் துறை அடுத்த பருவத்தின் குரல் தேர்வுகள் தொடங்கும் வரை காத்திராமல் சேனல்களை அழைத்துப் பேசட்டும். வெளிநாட்டுப் போட்டியாளர்களிடம் இதுவரை கையெழுத்து வாங்கிய ஒப்பந்தங்களை முதலில் மேசைமேல் வைக்கச் சொல்லட்டும்.